சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம்

பத்திரிகையில் முகூர்த்த நேரம் என்று எதுவும் போடவில்லை. 'ஞாயிறு காலை 11 மணி, போடிமெட்டு' என்று மட்டும் இருந்தது. நடத்திவைப்பவர் பெயரும் இல்லை. மாதம் மார்கழி.

"மார்கழியிலயா கல்யாணம்?" என்று என் வீட்டில் கேட்டார்கள். நண்பர் மகனின் கல்யாணம் அது. அவரிடம் போனில் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் வேலை கிடையாது, பெண் வீட்டு ஆட்கள் எல்லோரும் வர முடியும். மார்கழியில் வேறு கல்யாணம் இல்லாததால் சமையல்காரர், பந்தல்காரர், ஜீப் மூன்றும் கேட்டவுடன் கிடைத்தன. பதினொரு மணி என்று வைத்ததற்குக் காரணம், பத்தரைக்குள் பனி விலகிவிடும். அவர் மகன் போடியில் வளர்ந்தவன். பெண்ணுக்கு மலைக்கு அந்தப் பக்கம், பூப்பாறைக்கு அருகே ஏலத்தோட்டம். அது கேரளம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிறதே என்று மெட்டைப் பிடித்திருக்கிறார்கள் என நினைத்துக்கொண்டேன். உண்மைக் காரணம் வேறு என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

சென்னை சென்ட்ரலில் இருந்து போடிக்கு இப்போது வாரத்தில் மூன்று நாள் ரயில் இருக்கிறது. மதுரை–போடி பாதை 1928-இல் வந்தது. 2010 முடிவில் மீட்டர்கேஜ் ரயிலை நிறுத்தினார்கள். 2023 ஜூன் 15 அன்று சென்னை வண்டி வந்து நிற்கும் வரை பன்னிரண்டரை ஆண்டு போடிக்கு ரயிலே இல்லை. ராத்திரி ஏறினால் மறுநாள் முற்பகலில் மலையடிவாரத்தில் இறங்கலாம். ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டியதும் ஜன்னலில் மேற்குத் தொடர்ச்சி மலை நிமிர்ந்து நிற்கும்.

ரயிலில் படிக்க, பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் அறிவொளிக் காலச் சிந்தனையாளர்களைப் பற்றிய ஒரு புத்தகம் எடுத்துப் போயிருந்தேன். வால்டேர், ஓல்பாக், ஹியூம், கான்ட். பகுத்தறிவையும் மதத்தையும் எதிரெதிரே நிறுத்திப் பேசியவர்கள் என்று பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டு வந்த பெயர்கள். அவர்களைப் பற்றிப் பேசினால் நம் ஊரில் உடனே ஒரு குரல் எழும்: பகுத்தறிவு வெளிநாட்டுச் சரக்கு, பெரியார் அதை இறக்குமதி செய்தார் என்று. சிறு வயதிலிருந்து எனக்கு இந்தப் பேச்சு பிடிக்காது. இந்தப் பயணத்தில் அதற்கு ஒரு பதில் கிடைத்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மதுரையில் விடிந்தது. இந்த வட்டாரத்திலிருந்து போன கடிதங்களை வால்டேர் படித்திருக்கிறார். மதுரை மிஷன் என்ற பெயரில் தமிழ்நாட்டில் வேலை செய்த சேசு சபைப் பாதிரியார்கள், இங்கே கண்டதையும் கேட்டதையும் பிரான்சுக்கு எழுதி அனுப்பினார்கள். மற்ற நாடுகளிலிருந்து வந்த இத்தகைய கடிதங்களோடு சேர்ந்து, 1702 முதல் 1776 வரை அவை முப்பத்துநான்கு தொகுதிகளாக அச்சேறின. மதம் பரப்பப் போனவர்கள் எழுதியதைத் திருச்சபையை எதிர்த்தவர்கள்தான் ஆர்வமாகப் படித்தார்கள். கிறிஸ்தவம் வருவதற்கு முன்பே ஒழுங்கோடும் கல்வியோடும் வாழ்ந்த மக்கள் உலகில் இருக்கிறார்கள் என்றால், திருச்சபை இல்லாமல் அறம் இல்லை என்ற வாதம் என்ன ஆகும்? வால்டேருக்கு அந்தக் கேள்வி போதுமானதாக இருந்தது.

அந்த ஆவலே அவரை ஒரு குழியில் தள்ளியது. 1760-இல் புதுச்சேரியிலிருந்து திரும்பிய மோதாவ் என்ற பிரெஞ்சு அதிகாரி, ஒரு கையெழுத்துப் படியை அவரிடம் கொடுத்தார். பெயர் 'எசூர் வேதம்'. வியாசருக்கும் சுமந்து என்பவருக்கும் நடக்கும் உரையாடலாக அமைந்தது. ஒரே கடவுள்தான் உண்டு என்றும் சிலை வணக்கம் பிழை என்றும் சுமந்து அதில் வாதிடுகிறார். வால்டேர் மகிழ்ந்துபோனார். அலெக்சாண்டர் இந்தியாவுக்கு வருவதற்கு முந்திய நூல் என்று அறிவித்து, 1761-இல் பாரிஸ் அரச நூலகத்தில் பத்திரமாக ஒப்படைத்தார். 1778-இல், அவர் இறந்த அதே ஆண்டில், அது அச்சிலும் வந்தது.

அது வேதமே இல்லை. மதம் மாற்றுவதற்கு உதவியாகப் பாதிரியார்கள் பிரெஞ்சில் தயாரித்த நூல். இந்தியாவுக்கு வந்து போன சொன்னரா 1782-இல் சந்தேகத்தைக் கிளப்பினார். ஆதாரத்தோடு நிறுவியவர் சென்னையில் கலெக்டராக இருந்த பிரான்சிஸ் ஒயிட் எல்லிஸ். தமிழில் ஆழ்ந்து, திருக்குறளின் ஒரு பகுதியை மொழிபெயர்த்தவர். தென்னாட்டு மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, தனிக்குடும்பம் என்று கால்டுவெல்லுக்கு நாற்பது ஆண்டு முன்பே, 1816-இல் எழுதியவர். புதுச்சேரியில் கிடைத்த மூலப்படிகளை ஒப்பிட்டு அவர் எழுதிய கட்டுரை, 1819-இல் ராமநாதபுரத்தில் அவர் இறந்த பிறகு, 1822-இல் வெளிவந்தது. அவருக்கும் ஒரு சறுக்கல் இருந்தது. 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலியிடமிருந்து அந்தச் சரக்கு வந்திருக்கும் என்று நினைத்தார். பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் அதை ஏற்கவில்லை.

இந்தக் கதையை நான் வால்டேரைக் குறைத்துச் சொல்வதற்காக எழுதவில்லை. தனக்குப் பிடித்த முடிவைச் சொல்கிற நூல் என்பதற்காகவே அதைச் சோதிக்காமல் நம்பினார், அவ்வளவுதான். யாரும் விழக்கூடிய இடம் அது. அவரைத் திருத்தியதும் அதே பகுத்தறிவுதான். படிகளை அருகருகே வைத்து, வரி வரியாகப் பார்த்த ஒருவரின் பொறுமை. ஐரோப்பாவின் அறிவொளிக் காலத்துக்குள் தமிழ்நாட்டுக் காகிதங்களும் தமிழ்நாட்டில் நடந்த சோதனைகளும் கலந்து கிடக்கின்றன. இதை ஒருவழி இறக்குமதி என்று எப்படிச் சொல்வது?

போடியில் இறங்கியதும் நண்பர் நேராகத் தன் கிட்டங்கிக்குக் கூட்டிப் போனார். அவர் ஏலக்காய் தரம் பிரிக்கிற இடத்தில் முப்பது வருஷமாக மேஸ்திரி. வெளியே தெருவிலேயே வாசம் வரும். உள்ளே நீள மேசைகளில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காய் பொறுக்குகிறார்கள். வெடித்த காய் ஒரு பக்கம், பூச்சி குத்தியது ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம். அவர்கள் விரல் போகிற வேகத்துக்கு நம் கண் போகாது. பிறகு சல்லடை. எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் தங்குவது முதல் தரம், ஏழில் தங்குவது அடுத்தது. ஒரு லிட்டர் அளவில் எத்தனை கிராம் நிற்கிறது என்று நிறுத்துப் பார்ப்பார்கள். போடியிலும் மலைக்கு அந்தப் பக்கம் புற்றடியிலும் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் நடக்கிறது. விலை கம்ப்யூட்டரில் ஓடினாலும், வியாபாரி கைக்கு மாதிரிக் காய் வராமல் அவர் விலை சொல்ல மாட்டார்.

நண்பர் ஒரு மூட்டையில் கைவிட்டு நாலு காய் எடுத்தார். ஒன்றை நகத்தால் பிளந்து விதையின் நிறம் பார்த்தார். கருப்பாக, கொஞ்சம் பிசுபிசுப்போடு இருக்க வேண்டும். முகர்ந்தார். இரண்டு விதையை வாயில் போட்டு மென்றார். அடுத்த காயை ஈர வெள்ளைத் துணியில் அழுத்தித் தேய்த்துத் துணியைத் திருப்பிக் காட்டினார். பச்சை ஒட்டவில்லை. "சாயம் போட்டிருந்தா ஒட்டிக்கிடும். கொண்டாந்தவர் எனக்குச் சொந்தக்காரர்தான். அதுக்காகப் பார்க்காம விட முடியுமா?" என்றார். இரண்டு விதையை என்னிடமும் நீட்டினார். காரமும் குளிர்ச்சியுமாக நாக்கில் வெகுநேரம் நின்றது.

கொண்டுவந்தவர் யார் என்பதைக் கணக்கில் எடுக்காமல் கொண்டுவந்ததைப் பார்ப்பது. நான் ரயிலில் படித்த புத்தகத்தின் சாரம் இதுதான் என்று எனக்குப் பட்டது.

இந்தக் கிட்டங்கியில் என் தாத்தாவின் நினைவு வந்தது. அவரும் இதே ஊரில் ஒரு ஏலக்காய் மண்டியில் கணக்கு எழுதியவர். அவருடைய தகரப் பெட்டியில் சுயமரியாதை இயக்கத்து மலிவுப் பதிப்புகள் இருந்தன. சின்ன வயதில் நான் எழுத்துக்கூட்டிப் படித்த தலைப்புகளில் ஒன்று மெஸ்லியரின் 'மரண சாசனம்'. மெஸ்லியர் யார் என்பது பல ஆண்டு கழித்துத்தான் தெரிந்தது. பிரான்சில் எட்ரெபிஞி என்ற சிற்றூரில் நாற்பது ஆண்டு பங்குத்தந்தையாக இருந்து 1729-இல் இறந்தவர். பூசை வைத்தார், ஞானஸ்நானம் கொடுத்தார், அடக்கம் செய்தார். அவர் இறந்த பின் கிடைத்த கையெழுத்துப் படியில், இதில் எதையும் தான் நம்பியதில்லை என்றும் மதமும் அரசும் சேர்ந்து ஏழைகளை ஏய்க்கின்றன என்றும் எழுதி வைத்திருந்தார். 1762-இல் அதன் சுருக்கத்தை வெளியிட்டது வால்டேர். ஆனால் நாத்திகப் பகுதிகளை வெட்டிவிட்டு, கடவுளை நம்பி மதத்தை மட்டும் மறுத்தவராக மெஸ்லியரை மாற்றித்தான் வெளியிட்டார்.

வால்டேருக்குக் கடவுள் வேண்டியிருந்தது. பெர்னே என்ற ஊரில் தன் பண்ணைக்குப் பக்கத்தில் 1761-இல் ஒரு தேவாலயமே கட்டினார். எந்தப் புனிதர் பெயரிலும் அல்ல, நேரே கடவுளுக்கே கட்டியதாக அதன் முகப்பில் பொறித்தார். அறிவொளிக் காலத்தவர்கள் என்றாலே நாத்திகர்கள் என்று நினைப்பது தவறு. ஓல்பாக் வெளிப்படையான நாத்திகர். ஹியூம் அற்புதங்களை நம்பவில்லை. அவர்களுக்கு முன்னோடியான ஆங்கிலேயர் லாக் மதச் சகிப்புத்தன்மைக்காக வாதாடி, நாத்திகருக்கு அந்தச் சலுகை கூடாது என்றார். கான்ட் கடவுளை அறிவால் நிறுவ முடியாது என்று சொல்லி, அறத்துக்காக அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டார். அவர்களைச் சேர்த்துக் கட்டிய கயிறு கடவுள் மறுப்பு இல்லை. என் சார்பில் இன்னொருவர் நம்பவும் முடிவெடுக்கவும் வேண்டாம் என்பதுதான்.

என் சார்பில் இன்னொருவர் எதற்கு என்ற கேள்வி தமிழ்நாட்டில் வேறு இடத்தில் போய் முட்டியது. பெரியாருக்கு நாற்பது ஆண்டு முன்னால் சென்னையில் இலௌகிக சங்கம் என்று ஒன்று இருந்தது. 1882 முதல் 1888 வரை அவர்கள் நடத்திய 'தத்துவவிவேசினி' தமிழில் வந்த நாத்திகப் பத்திரிகை. இங்கிலாந்தில் சார்லஸ் பிராட்லா நடத்திய இயக்கத்தோடு அவர்களுக்குத் தொடர்பு உண்டு. நாத்திகர் என்பதால் சத்தியப் பிரமாணத் தகராறில் ஆறு ஆண்டு நாடாளுமன்றத்தில் உட்கார விடாமல் அலைக்கழிக்கப்பட்டவர் பிராட்லா. ஆனால் சென்னைக்காரர்கள் வருணாசிரமத்தைப் பற்றியும், பெண்களின் குழந்தை மணத்தையும் விதவை நிலையையும் பற்றியும் நிறைய எழுதினார்கள். அத்திப்பாக்கம் வெங்கடாசல நாயகர் 1882-இல் 'இந்துமத ஆசார ஆபாச தரிசினி' எழுதினார். ஐரோப்பியரின் எதிரே நின்றது திருச்சபை. நம் எதிரே நின்றது சாதி. 1925-இல் 'குடிஅரசு' வந்தபோது அந்தப் பாதை ஏற்கெனவே கொஞ்சம் நடந்து தேய்ந்திருந்தது.

ஞாயிறு காலை ஏழரைக்கு ஜீப் கிளம்பியது. முந்தல் வரை மாந்தோப்பும் இலவமரமும். அதற்குமேல் ஏற்றம். போடியிலிருந்து மெட்டுக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். அதில் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். கொச்சியையும் தொண்டியையும் இணைக்கிற தேசிய நெடுஞ்சாலை இதுதான். வார நாட்களில் விடிகாலையில் இந்தச் சாலையைப் பார்க்க வேண்டும். போடியிலிருந்தும் சுற்றுப்பட்டி ஊர்களிலிருந்தும் பெண்கள் தூக்குவாளியோடு ஜீப்பில் நெருக்கியடித்து ஏலத்தோட்டங்களுக்குப் போவார்கள். சாயங்காலம் திரும்பி வருவார்கள். இரு மாநிலத்தையும் தினமும் இரண்டு முறை தொடுகிறவர்கள் அவர்கள். 1956-இல் எல்லை பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குப் போயின. கூலிக்குப் போகிற கால்களுக்கு அந்தக் கோடு இன்றுவரை பெரிதாகத் தெரிந்ததில்லை.

ஏற்றம் தொடங்குகிற இடத்தில் மாப்பிள்ளையின் அப்பத்தா ஜீப்பை நிறுத்தச் சொன்னார். சாலையோரம் ஒரு சிறிய சாமி. இந்த வழியில் மேலே போகிற டிரைவர்கள் சூடம் கொளுத்தாமல் போக மாட்டார்கள். நண்பர் கொஞ்சம் சங்கடப்பட்டார். அவர் கோயிலுக்குப் போகிறவர் இல்லை. மகன் யோசிக்கவில்லை. அப்பத்தாவைக் கைப்பிடித்து இறக்கினான். காற்றுக்குச் சூடம் அணைந்துகொண்டே இருந்தது. இரண்டு உள்ளங்கையையும் குவித்து மறைப்பாகப் பிடித்துக்கொண்டு, அது எரிந்து முடியும் வரை குனிந்தே நின்றான். அப்பத்தா அவன் நெற்றியில் திருநீறு இட்டார். அதைத் துடைக்காமல் ஜீப்பில் ஏறினான்.

"அய்யரும் இல்லாம, நேரமும் இல்லாம எப்படிப்பா?" என்று வழியில் அப்பத்தா கேட்டார்.

"நீ இருக்கேல்ல அப்பத்தா. ஜீப்பெல்லாம் வந்து சேர்ற நேரந்தான் நல்ல நேரம்."

அப்பத்தா மடியிலிருந்து மடித்த காலண்டர் தாளை எடுத்து, "பதினொண்ணுக்கு ராகுகாலமும் இல்ல, எமகண்டமும் இல்ல. பார்த்துட்டுத்தான் சம்மதிச்சேன்" என்றார். ஜீப்பே சிரித்தது. அவருடைய நம்பிக்கையை அவன் கேலி செய்யவில்லை, அவன் முடிவை அவர் தடுக்கவும் இல்லை. வால்டேர் ஆயிரம் பக்கம் எழுதிக் கேட்டது இதைத்தான்.

புலியூத்து தாண்டியதும் குளிர் உறைத்தது. ஒவ்வொரு வளைவிலும் போடி கொஞ்சம் சிறிதாகிக் கீழே போனது. மழைக்காலத்தில் மண்ணும் பாறையும் சரிந்து இந்த வழி அடைபடும். அன்று வானம் கழுவிவிட்டது போல இருந்தது. நாலாயிரம் அடிக்கு மேல், மெட்டில், சோதனைச் சாவடிக்குச் சற்றுக் கீழே ஒரு காபித் தோட்டத்துக் களம்தான் மண்டபம். காபிக்கொட்டை காயவைக்கிற சிமெண்டுத் தளத்தில் ஜமுக்காளம் விரித்து, பனிக்காக மேலே தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். பத்தேகால் மணிக்குப் பூப்பாறைப் பக்கமிருந்து மூன்று ஜீப் வந்தன. பெண்ணின் அம்மா, அக்காள்மார், லயத்து வீட்டு அக்கம்பக்கம். தாய்மாமன் வரவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரே சாதி இல்லை.

இதை நான் சொல்லியாக வேண்டும். புரோகிதர் இல்லாத கல்யாணம் தமிழ்நாட்டில் இப்போது அதிசயமில்லை. 1928-இல் அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தத்தில் பெரியார் முன்னிலையில் நடந்ததிலிருந்து எத்தனையோ நடந்துவிட்டன. அவற்றில் பல, மந்திரத்தை மட்டும் விட்டுவிட்டுச் சாதியைப் பிடித்துக்கொண்ட கல்யாணங்கள். நானே போய்ச் சாப்பிட்டிருக்கிறேன். மேடையில் புரட்சி பேசுவார்கள். பந்தியில் இருப்பதெல்லாம் ஒரே வகையறா. புரோகிதரை அனுப்புவது எளிது, தாய்மாமனை எதிர்கொள்வதுதான் கடினம். அன்று அந்தக் களத்தில் கடினமானது நடந்தது.

நடந்தது பத்து நிமிஷம். தலைமை என்று யாரும் இல்லை. பெண் நாலாக மடித்த ஒரு நோட்டுத்தாளைப் பிரித்தாள். கை நடுங்கியது, குளிராலும் இருக்கலாம். இவரை என் கணவராக ஏற்கிறேன், இருவரும் சமமாகச் சம்பாதித்துச் சமமாக முடிவெடுப்போம், என் அம்மாவை நான் பார்த்துக்கொள்வதற்கு இவர் தடை சொல்லக் கூடாது, இவர் வீட்டாரை நானும் பார்த்துக்கொள்வேன் என்று அவளே எழுதியதை வாசித்தாள். அம்மாவைப் பற்றிய வரி வந்தபோது ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு அவன் வாசித்தான். மாலை மாற்றினார்கள். அப்பத்தாவின் ஆசைக்காகத் தாலியும் உண்டு. அதை அப்பத்தாவும் பெண்ணின் அம்மாவும் சேர்ந்து எடுத்துக் கொடுத்தார்கள். பெண்ணின் அம்மா கணவரை இழந்தவர். அந்தக் கை தாலியைத் தொட்டதைக் கண்டு பின்வரிசையில் ஒரு வயதான பெண்மணி முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

எனக்கு அந்த நேரத்தில் பெர்லின் நினைவு வந்தது. அதற்குக் காரணம் உண்டு.

'அறிவொளி என்றால் என்ன?' என்று கான்ட் 1784-இல் எழுதிய சிறு கட்டுரை உலகப் புகழ் பெற்றது. அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அது ஒரு கல்யாணத் தகராறில் பிறந்தது. 1783-இல் பெர்லினில் வெளிவந்த ஒரு மாதப் பத்திரிகையில், திருமணத்துக்குப் பாதிரியார் அவசியமே இல்லை என்று பெயர் போடாமல் ஒருவர் எழுதினார். எழுதியவர் பத்திரிகை ஆசிரியர்களில் ஒருவரான பீஸ்டர். சோல்னர் என்ற பாதிரியாருக்கு அது பொறுக்கவில்லை. அறிவொளி என்ற பெயரில் மக்கள் மனதைக் கலைக்கிறார்கள் என்று மறுப்பு எழுதி, அதன் அடிக்குறிப்பில், அறிவொளி அறிவொளி என்கிறீர்களே, அப்படியென்றால் என்ன என்று முதலில் யாராவது சொல்லுங்கள் என்று கேட்டார். அந்த அடிக்குறிப்புக்குத்தான் மோசஸ் மெண்டல்சன் 1784 செப்டம்பரிலும் கான்ட் டிசம்பரிலும் பதில் எழுதினார்கள். மனிதன் வளர்ந்த பின்னும் தன் புத்தியைப் பயன்படுத்தத் துணியாமல், சிந்திக்க ஒரு புத்தகத்தையும் மனச்சாட்சிக்கு ஒரு பாதிரியாரையும் வைத்துக்கொண்டு சிறுபிள்ளையாகவே இருக்கிறான். அதிலிருந்து வெளியே வருவதுதான் அறிவொளி என்பது கான்ட்டின் பதில்.

கல்யாணத்துக்குப் பாதிரியார் எதற்கு? இந்தக் கேள்வியில் பிறந்ததுதான் அந்தப் புகழ்பெற்ற சொல்லின் விளக்கம். பெரியார் கான்ட்டைப் படித்து இந்த இடத்துக்கு வந்ததாக நான் சொல்ல வரவில்லை. அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தில் அதே கேள்வி சொந்தக் காலில் எழுந்தது. எந்த நாட்டிலும் மனிதன் தன் வாழ்க்கையைத் தன் கையில் எடுக்க நினைக்கும்போது முதலில் தட்டுகிற கதவுகளில் ஒன்று கல்யாணம்.

பிரான்சில் அந்தக் கதவு இன்னும் இறுக்கமாக மூடியிருந்தது. 1685-இல் பதினான்காம் லூயி, புராட்டஸ்டண்ட் மதத்தவருக்கு இருந்த உரிமைகளைப் பறித்தார். கத்தோலிக்கப் பாதிரியார் முன்னால் நடக்காத கல்யாணம் கல்யாணமே இல்லை. ஊருக்கு வெளியே ஒளிந்து மணம் செய்துகொண்டவர்களின் குழந்தைகள் சட்டப்படி தகப்பன் பெயர் அற்றவர்கள், சொத்துரிமை அற்றவர்கள். வால்டேர் தன் முதுமையை எல்லாம் இந்த அநியாயத்துக்கு எதிராகச் செலவிட்டார். 1762-இல் துலூஸில் ழான் கலாஸ் என்ற துணி வியாபாரியை, மகன் மதம் மாறப் போகிறான் என்று கொன்றுவிட்டார் எனப் பொய்யாகக் குற்றம் சாட்டி, சக்கரத்தில் கட்டி எலும்பு முறித்துக் கொன்றார்கள். மூன்று ஆண்டு விடாமல் எழுதி, 1765-இல் அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வாங்கினார் வால்டேர். புராட்டஸ்டண்டுகளின் கல்யாணத்தைப் பதிவு செய்யலாம் என்ற அரசாணை 1787-இல் வந்தபோது அவர் உயிரோடு இல்லை. 1792-இல் திருமணம் முழுவதுமாகக் குடிமைப் பதிவானது.

நமக்கும் இதே வரிசையில் ஒரு கதை இருக்கிறது. 1934-இல் நடந்த ஒரு சுயமரியாதைத் திருமணம் சொத்து வழக்கில் சிக்கி நீதிமன்றத்துக்கு வந்தது. சடங்கு இல்லாததால் அது செல்லாது என்று 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. இருபத்தைந்து ஆண்டாகப் பெருமையாக மேடையேறியவர்களின் மனைவியர் எல்லாம் சட்டத்தின் கண்ணில் மனைவியர் இல்லை என்று ஆனது. பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டுப் பெண்கள் நின்ற இடத்தில் தமிழ்ப் பெண்கள் நின்றார்கள். 1967-இல் அண்ணா முதலமைச்சரானதும், இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார். உறவினரோ நண்பரோ பிறரோ முன்னிலையில், இருவரும் தங்களுக்குப் புரிந்த மொழியில் ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொல்லலாம். அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம். அல்லது தாலி கட்டலாம். ஏதேனும் ஒன்று போதும். முன்பு நடந்தவையும் செல்லும். அந்த 'அல்லது' என்ற சொல்லை நான் மதிக்கிறேன். தாலி வேண்டாதவரையும் வேண்டுபவரையும் அது ஒரே வரியில் நிறுத்துகிறது. வீட்டாரின் மிரட்டலுக்குப் பயந்து ஓடிவருகிறவர்கள் ஊரைக் கூட்டி அறிவிக்கத் தேவையில்லை என்று 2023-இல் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவை விரித்துச் சொல்லிவிட்டது.

ஐரோப்பிய அறிவொளியில் ஒரு பெரிய ஓட்டையும் உண்டு. ரூசோ பெண்ணை ஆணுக்கு இசைவாக வளர்க்கச் சொன்னார். கான்ட்டின் அரசியல் கணக்கில் பெண் முழுக் குடிமகள் இல்லை. இதற்குப் பதில் சொல்ல 1792-இல் மேரி உல்ஸ்டன்கிராஃப்ட் வர வேண்டியிருந்தது. அந்த வகையில் சுயமரியாதை இயக்கம் கான்ட்டைத் தாண்டி ஒரு அடி வைத்தது. கல்யாணத்தை ஒப்பந்தம் என்றது. ஒப்பந்தம் என்றால் பெண்ணும் வாய்திறந்து பேச வேண்டும். தேயிலைக்கும் ஏலத்துக்கும் முதுகு வளைத்த வீட்டில் பிறந்த ஒரு பெண், மைக்கைப் பிடித்துத் தன் நிபந்தனையைச் சொன்னதை நான் கண்ணால் பார்த்தேன்.

பந்தி முடிந்து கைகழுவும்போது நண்பரிடம் கேட்டேன்: "பொண்ணு வீட்டுக்குப் பக்கமா, பூப்பாறையிலயே வெச்சிருக்கலாமே. பாதிப் பேரு அங்கிருந்துதான வந்திருக்காங்க?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டே சோதனைச் சாவடிப் பக்கம் கைகாட்டினார். "அந்தக் கேட்டத் தாண்டுனா 7-ஏ கிடையாதுங்க. வக்கீல்ட்ட கேட்டுட்டுத்தான் இந்தக் களத்தைப் பிடிச்சேன்."

அப்போதுதான் விளங்கியது. அது தமிழ்நாடு செய்த திருத்தம். புதுச்சேரியும் பிறகு ஏற்றுக்கொண்டது. கேரளத்தில் அது இல்லை. அங்கே இந்துத் திருமணச் சட்டத்தின் பழைய 7-ஆம் பிரிவுதான்: இரு தரப்பில் ஒருவரின் வழக்கப்படியான சடங்கு வேண்டும். இல்லையென்றால் சிறப்புத் திருமணச் சட்டம். அதற்கு முப்பது நாள் முன்னறிவிப்பு ஒட்ட வேண்டும். தாய்மாமன் கோபத்தில் இருக்கும் வீட்டுக்கு முப்பது நாள் அறிவிப்பு என்ன பொருள் தரும் என்று விளக்க வேண்டியதில்லை. 1924-இல் பெரியார் இரண்டு முறை சிறை போன வைக்கம் அந்த மாநிலத்தில்தான் இருக்கிறது. நாராயண குரு பிறந்த மண். சடங்கில்லாத் திருமணத்துக்கு அங்கே ஆதரவு இருக்காது என்று நான் நம்பவில்லை. கேரள சட்டமன்றம் இந்தத் திருத்தத்தை எடுத்துக்கொள்ளலாம். நாடாளுமன்றம் நினைத்தால் ஒரே பிரிவில் நாடு முழுக்கக் கொண்டுவரலாம். கேட்க வேண்டியவர்கள் நாம்.

மூன்று மணிக்கே பள்ளத்தாக்கிலிருந்து பனி ஏறத் தொடங்கியது. பதிவு மறுநாள் போடியில். 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் எந்த மதத்துக் கல்யாணத்தையும் தொண்ணூறு நாளுக்குள் பதிய வேண்டும். களத்திலேயே வைத்து இரண்டு பக்கத்திலும் சாட்சிகள் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார்கள். பெண்ணின் அம்மா கைநாட்டு. மையைத் துடைக்க அப்பத்தா தன் முந்தானையை நீட்டினார். அதன் பிறகு பூப்பாறை ஜீப்புகள் விளக்கைப் போட்டுக்கொண்டு கிளம்பி, சோதனைச் சாவடியில் ஒரு நிமிஷம் நின்று, கேரளத்துக்குள் போயின.